கோகிலா வேலைக்கு மனுப் போட்டாள்

மார்ச் 4, செவ்வாய்

காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் தயிர் சாதம், ஊறுகாய் தொடவில்லை. இரவு சப்பாத்தி. நெஞ்செரிச்சல் லேசாக.

என்ன சாப்பிடுகிறேன், எப்போது எரிகிறது என்று ஒரு மாதத்துக்கு எழுதிக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். டிராக்டர் உதிரி பாகக் கடையில் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது பெரிய வேலையா என்ன? ஈஸ்வரமூர்த்தி என்று முதல் பக்கத்தில் பெயர் போட்டு ஆரம்பித்தாயிற்று.

சப்பாத்தி சாப்பிடும்போது கோகிலா சொன்னாள்: “ஏனுங்க, ஒரு வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கறனுங்க. டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சரவணம்பட்டியில் ஒரு பெரிய நிதி நிறுவனம். கம்பெனிகளின் வரவு செலவை ஆராய்ந்து, இதில் பணம் போடலாமா கூடாதா என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லும் வேலை. ஜூனியர் அனலிஸ்ட். கல்லூரி முடித்த பிள்ளைகள் சேரும் இடம்.

“உனக்கு முப்பத்தாறு ஆச்சே?” என்றேன்.

“வயசு வரம்பு எதுவும் போடலீங்க. நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்.”

அவள் எம்.காம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கொஞ்ச காலம் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தாள். மகள் மிருதுளா பிறந்ததும் வேலையிலிருந்து நின்றாள். பிறகு என் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடமும் மதியத்தில் கோகிலா தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் வகுப்பு கேட்டிருக்கிறாள்.

“நல்லது” என்று சொன்னேன். உண்மையாகவே நல்லதுதான்.

மார்ச் 6, வியாழன்

காலை ராகிக் களி. எரிச்சல் இல்லை.

பரணிலிருந்து என் பழைய சி.ஏ. புத்தகங்களை இறக்கிக் கொடுத்தேன். தூசி தட்டியதில் மூக்கு அடைத்துக்கொண்டது. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். மிருதுளாவும் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினாள்.

“அப்பா, இது வரைக்கும் பென்சில்ல கோடு போட்டிருக்கீங்க. இதுக்கப்புறம் புக்கு புதுசாவே இருக்குது. ஏன்?”

“மிருது, போய் எனக்குத் தண்ணி கொண்டா” என்றாள் கோகிலா. செம்பில் தண்ணீர் அவள் பக்கத்திலேயே இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு என்பதால் கோழிக் குழம்பு என்று நினைத்திருந்தேன். இன்று டெஸ்ட். எனவே தக்காளி சாதம், நானே செய்தது. உப்பு அதிகம்.

வீட்டிலிருந்தே கணினியில் எழுதுகிற தேர்வு. கேமரா ஓடிக்கொண்டிருக்கும், அறைக்குள் யாரும் வரக் கூடாதாம். பின் வீட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் யாரோ பாட்டுப் போட்டார்கள். போய், கையைக் கூப்பி, நிறுத்தச் சொன்னேன். மிருதுளாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்ச் சதுரங்கம் ஆடினேன். இரண்டு ஆட்டம் தோற்றேன். கவனம் அங்கே இல்லை.

கதவு திறந்து வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், மில்லில் கணக்கு சரியாக வந்த நாட்களில் அப்படி ஒரு முகத்தோடு வருவாள். மறந்தே போயிருந்தது.

“எப்படி எழுதின?”

“தெரிஞ்சதை எழுதினேன். தெரியாததை விட்டுட்டேன். தப்புக்கு மார்க் கழிப்பாங்களாமுங்க.”

நான் எழுதிய தேர்வுகளில் எதையும் விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஏதாவது எழுதிவிட்டு வருவேன்.

மார்ச் 12, புதன்

மதியம் புளிசாதம். எரிச்சல் உண்டு. புளிதான் காரணம்.

டெஸ்டில் தேறிவிட்டாள். இன்று கம்பெனியிலிருந்து ஷெரின் என்ற பெண் போனில் பேசினாள். குரலைக் கேட்டால் கல்லூரியிலிருந்து நேராக வந்தவள் போலிருந்தது. நல்ல பெண். ஒன்பது வருட இடைவெளியைப் பற்றி நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள், நல்ல பதிலாக யோசித்து வையுங்கள் என்று அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வீட்டு பட்ஜெட் போட்டேன், அதுவும் நிதி மேலாண்மைதான் என்று பல பெண்கள் சொல்வார்களாம்.

“நல்ல பதில்தானே?” என்றேன்.

“மளிகைக் கணக்கு வேற, கம்பெனிக் கணக்கு வேறங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா அவங்க சிரிப்பாங்க. நானே சிரிச்சிருவேன்.”

“அப்போ அப்பாவைப் பார்த்துக்கிட்டதைச் சொல்லு. அஞ்சு வருஷம் படுக்கையில வெச்சுப் பார்த்த. குளிப்பாட்டி, ஊட்டி... கேட்கறவங்களுக்கு மனசு இளகும்.”

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

“மாமாவை எதுக்குங்க அங்க இழுக்கறது? அவரைப் பார்த்துக்கிட்டது எனக்கும் அவருக்கும். அதைக் காட்டி வேலை கேட்க மாட்டேன். அந்த வருஷங்கள்ல வேலை பார்க்கலைன்னு சொல்லுவேன். இப்ப பார்க்கத் தயார்னு சொல்லுவேன். அவ்வளவுதான்.”

மீதி வெங்காயத்தை நான் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் அப்படி.

மார்ச் 13, வியாழன்

தயிர் சாதம். எரிச்சல்.

மார்ச் 17, திங்கள்

காலை தோசை. மதியம் கடையில் பப்ஸ், தவிர்த்திருக்கலாம்.

இன்று அலுவலகத்துக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மயில்கழுத்து நிறச் சேலையில் போனாள். வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வாசலில் செக்யூரிட்டி, “பொண்ணு உள்ள போயாச்சுங்களா? பேரன்ட்ஸ் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா” என்றாராம்.

“நீ என்ன சொன்ன?”

“நான்தாங்ணா அந்தப் பொண்ணு-ன்னேன்.”

மிருதுளா விழுந்து விழுந்து சிரித்தாள். குழு விவாதத்தில் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். பிரணவ் என்று ஒரு பையன், “ஆன்ட்டி, நீங்க முடிச்சுட்டீங்களா?” என்று கேட்டுக் கேட்டு இடையில் புகுந்திருக்கிறான். இவள் கடைசியில், “முடிக்கல தம்பி. முடிச்சதும் நானே உனக்குச் சொல்றேன்” என்றிருக்கிறாள். எல்லாரும் சிரித்துவிட்டார்களாம், அந்தப் பையனும்கூட.

அடுத்த சுற்றுக்கு எடுத்துவிட்டார்கள். அதுதான் கடைசிச் சுற்று.

வேலை நேரத்தையும் இன்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மதியம் தொடங்கி இரவு ஒன்பது மணி வரை. வெளிநாட்டு நேரத்துக்குத் தக்கபடி. கம்பெனி வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிடுமாம்.

நான் கோபப்படவில்லை. குக்கர் மூடியைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன், அவ்வளவுதான். பிறகு காற்று வாங்க மொட்டைமாடிக்குப் போனேன். கீழே போனபோது என் தட்டு மட்டும் மூடியிருந்தது.

மார்ச் 19, புதன்

ரசம் வைத்துப் பார்த்தேன். மிளகு கூடிவிட்டது. வீட்டில் ஆண்களும் சமைக்கத் தெரிந்துகொள்வது நல்லதுதான், வேறு காரணம் எதுவும் இல்லை.

மிருதுளா டியூஷன் போனதும் கோகிலா என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாளா நீங்க சரியாப் பேசலீங்க. வேண்டாம்னா இப்பச் சொல்லுங்க. கெடச்ச பின்னாடி சொல்லாதீங்க. அதை என்னால தாங்க முடியாது.”

“மார்ச் மாசம் கோகிலா. கணக்கு முடிக்கற நேரம். கடையில எவ்வளவு வேலைன்னு உனக்குத் தெரியும்...”

“அது கேட்கலீங்க.”

“சாயங்காலம் மிருதுவை யாரு பார்ப்பா? வீட்டுப்பாடம், சாப்பாடு...”

“நீங்க. ஆறு மணிக்கு வந்துடறீங்க. அதுவரைக்கும் மாடி வீட்டு சாவித்ரி அக்கா பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. காலையில சமைச்சு வெச்சுட்டுப் போயிருவேன். இதெல்லாம் யோசிச்சுட்டேன். உங்களைத்தான் யோசிக்க முடியல. என்ன நினைக்கறீங்கன்னு தெரியல.”

என்ன நினைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவள் காத்திருந்தாள். அவள் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக அதற்குள் எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

“போ” என்றேன்.

“போன்னா என்னங்க அர்த்தம்?”

“போயிட்டு வான்னு அர்த்தம்.”

எழுந்து போய் என் ரசத்தை ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். இருமினாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பாடு கவனமில்லை. ஏதோ சாப்பிட்டேன்.

கடைசிச் சுற்றுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. பெயரை மறைத்திருக்கிறார்கள். இந்தக் கம்பெனியில் பணம் போடலாமா என்று படித்து ஆராய்ந்து, புதன்கிழமை மூன்று பேர் முன்னால் விளக்க வேண்டும்.

நேற்றிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். கோகிலா படிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவசரமே இல்லை. ஒரு பக்கத்தைப் படிக்கிறாள், முன்னால் போய் வேறொரு பக்கத்தைப் பார்க்கிறாள், திரும்ப வருகிறாள். அரிசியில் கல் பொறுக்குகிறவள் போல என்று எழுத வந்தேன். அது சரியில்லை. அவள் படிக்கிறவள் போலவேதான் படித்தாள்.

மாலையில் கூப்பிட்டாள். “இங்க பாருங்க. விற்பனை கொஞ்சம்தான் கூடியிருக்குது. ஆனா டீலருங்ககிட்ட இருந்து வர வேண்டிய பாக்கி எக்கச்சக்கமாக் கூடியிருக்குது. சரக்கை டீலர் தலையில கட்டிட்டு வித்ததாக் காட்டறாங்களோ?”

நான் வாங்கிப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எங்கள் கடையிலேயே ஒரு கம்பெனிக்காரன் மார்ச் கடைசியில் இப்படித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான்.

“கண்டுபிடிச்சுட்ட கோகிலா! பணம் போடக் கூடாதுன்னு தைரியமாச் சொல்லு” என்றேன். பெருமையாக இருந்தது. சந்தேகமில்லாமல் பெருமைதான்.

மார்ச் 26, புதன்

காலை உப்புமா. எரிச்சல் விடிந்ததிலிருந்தே.

அரை நாள் விடுப்பு கேட்டேன். “மார்ச் இருபத்தாறாம் தேதி லீவு கேட்கற மொதல் கணக்குப்பிள்ளை நீதான் மூர்த்தி” என்றார் முதலாளி. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் போயிருக்கலாம். வெயில் அதிகமாக இருந்ததால் எதிரே பேக்கரியில் உட்கார்ந்தேன். டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், இன்று குறைக்கவில்லை.

வெகு நேரம் கழித்து வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. எதிரில் உட்கார்ந்து, என் டம்ளரில் இருந்த மீதி டீயைக் குடித்தாள்.

“தப்பாப் போயிருச்சுங்க.”

அங்கே தலைமை அனுபமா மேனன் என்ற பெண். இவளைவிட இளையவளாம். கோகிலா பேசி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் கேட்டிருக்கிறாள். பிறகு, அறிக்கையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு குறிப்பை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்தக் கம்பெனி இன்னொரு சிறிய கம்பெனியை வாங்கியிருக்கிறது. அதனால் சிறிய கம்பெனிக்கு வர வேண்டிய பாக்கி முழுவதும் இவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் விற்பனையில் கடைசி ஒரு வாரம்தான் சேர்ந்தது. பாக்கி வீங்கித் தெரிந்தது அதனால்தான். யார் தலையிலும் யாரும் எதையும் கட்டவில்லை.

அந்தக் குறிப்பு என் கண்ணிலும் படவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத் தைரியமாகச் சொல் என்றவன் நான்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நான் பார்க்கலை மேடம், நான் சொன்ன முடிவு நிக்காதுன்னு சொல்லிட்டேன். பலகையில எழுதினதை எல்லாம் அழிச்சேன். கொஞ்சம் நேரம் குடுங்க, மறுபடி போட்டுப் பார்க்கறேன்னேன். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தம்மா, போடுங்கன்னாங்க.”

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலிலிருந்து போட்டிருக்கிறாள். சிறிய கம்பெனியின் பாக்கியைக் கழித்துப் பார்த்தால் பழைய பாக்கி கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. “பணம் போடாதீங்கன்னு சொல்ல இப்ப எங்கிட்டக் காரணம் இல்லை. போடுங்கன்னு சொல்லவும் இன்னொரு விஷயத்தை அந்தக் கம்பெனிகிட்டக் கேட்கணும்” என்று முடித்திருக்கிறாள்.

கடைசியில் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்: “இங்க உங்களுக்கு மேல இருக்கறவங்களுக்கு இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். அவங்க தப்புன்னு சொன்னா ஏத்துக்குவீங்களா?”

“நீங்க இப்பச் சொன்னப்ப உங்க வயசை நான் பார்க்கலீங்களே மேடம்” என்றிருக்கிறாள் கோகிலா.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று பேர் முன்னால் நான் நின்றிருந்தால், முதலில் அந்தக் குறிப்பையே தப்பு என்று வாதாடியிருப்பேன். பிறகு வேர்த்திருப்பேன். பிறகு அந்தக் கட்டடத்தின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

“நானும்தான் அதைப் பார்க்கலை கோகிலா” என்றேன்.

“ஆமா, நீங்களும் பார்க்கலை” என்றாள், கோபமே இல்லாமல். “ஒரு வெஜ் பப்ஸ் சொல்லுங்க. பசிக்குது.”

மார்ச் 27, வியாழன்

கடையிலிருந்து வந்தபோது மறுபடியும் மேசை நிறையக் காகிதம். பயந்துவிட்டேன். வேலை போய்விட்டது என்று மனம் பேதலித்துவிட்டதா?

“முழுசாத் திருத்தி எழுதி அனுப்பப் போறேனுங்க.”

“அவங்க கேட்கலையே?”

“கேட்கலைதான். ஆனா என் பேரு போட்ட தப்பான காகிதம் அவங்ககிட்ட இருக்குது. வேலை குடுக்கறாங்க, குடுக்கல. அது அவங்க இஷ்டம். சரியானது ஒண்ணு அவங்ககிட்ட இருக்கணும்.”

இம்முறை பொடி எழுத்துக் குறிப்புகள் அத்தனையையும் நான் சத்தமாக வாசித்தேன், அவள் அறிக்கையோடு ஒப்பிட்டாள். மிருதுளா நடுவில் இரண்டு தரம் தோசை கேட்டாள். வார்த்துக் கொடுத்தேன். அதில் ஒன்று வட்டமாகவே வந்தது.

மார்ச் 29, சனி

பதில் இல்லை. எலுமிச்சை சாதம்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. எங்கள் கடைக்குக் கிடையாது. கணக்கு முடிக்கிற நாள். மதியம் சாப்பிடவே இல்லை. கோகிலாவின் போன் அடித்தால் தெரியட்டும் என்று என் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று எழுதினால் அபத்தமாக இருக்கும். அவள் போன் அவளிடம்தானே இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

கடையில் சரக்கு இருப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கோகிலா கூப்பிட்டாள்.

“ஏனுங்க, கெடச்சிருச்சுங்க.”

“கோகிலா, இன்னிக்குத் தேதி என்ன?”

“ஐயோ, விளையாட்டில்லீங்க! மேடமே பேசினாங்க. திருத்தி அனுப்பினதை எல்லாருக்கும் படிக்கக் குடுத்தாங்களாம். அந்தப் பையன் பிரணவுக்கும் கெடச்சிருக்குது. ரெண்டு பேருதான்.”

அதன் பிறகு அழுகைதான் கேட்டது. அப்பா இறந்த அன்றுகூட எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அழுதாள். இன்று எதற்கும் காத்திருக்கவில்லை. கடைவாசலில், டிராக்டர் டயர்களுக்கு நடுவில் நின்று நான் அவள் அழுது முடிப்பதைக் கேட்டேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்ன மூர்த்தி, வீட்டுல ஏதாவது...?”

“என் வீட்டுக்காரிக்கு வேலை கெடச்சிருக்குதுங்க. போன வாரம் நான் லீவு போட்டது விசேஷத்துக்கு இல்லீங்க. அவ இன்டர்வியூவுக்கு.”

“ஏம்ப்பா, உன் சம்பளம் பத்தலியா?” என்றார் சிரித்துக்கொண்டு.

வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். “அவளுக்கு அந்த வேலை தெரியுமுங்க. என்னைவிட நல்லாத் தெரியும்” என்றேன். சொல்லிவிட்டுச் சரக்கு எண்ணப் போனேன். எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நியமனக் கடிதம் வந்தது. சம்பளத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என்னுடையதைவிட அதிகம். அவள் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மடித்தாள். நான் வாங்கி விரித்து, முழுவதும் படித்துவிட்டு, பொடி எழுத்தையும் படித்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்குது. கையெழுத்துப் போடு” என்றேன்.

எரிச்சல் இருந்ததா என்று கவனிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

காலையிலேயே அவரைக்காய்ப் பொரியலும் சாம்பாரும் செய்து வைத்துவிட்டாள். வண்டியில் விடுகிறேன் என்றேன். வேண்டாம், பஸ்ஸில் போய்ப் பழகிக்கொள்கிறேன் என்றாள். நான் கடைக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியும் கழற்றியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை வந்து, சாவித்ரி அக்கா வீட்டிலிருந்து மிருதுளாவை அழைத்து வந்தேன். சோறு வடித்தேன். வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலிருந்தது. துணி மடித்தேன். மடிப்பு சரியில்லை என்று மகள் திரும்ப மடித்தாள்.

ஏழு மணி வாக்கில் போன் அடித்தது. பின்னால் பலர் பேசும் சத்தம்.

“ஏனுங்க, எனக்குத் தனி மேசை குடுத்திருக்காங்க. சன்னலோரம்.”

“சன்னல்ல என்ன தெரியுது?”

“எங்கங்க, பார்க்கவே நேரமில்லை. சாப்பிட்டீங்களா? மிருது சாப்பிட்டாளா? சரி, கூப்பிடறாங்க, வெச்சிடறேன்.”

வைத்துவிட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், பேசிக்கொண்டிருக்கும்போது அவளாக முதலில் போனை வைத்தது இன்றைக்குத்தான். நான் இன்னும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தேன்.